கங்கையின் எதிர்க்கரை

வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் ரிஷிகேசத்தைப் பாராத குடும்பம் அரிது. ஊரிலிருந்து பெரியவர்கள் யாரேனும் வந்தால், அவர்களை ஹரித்துவாரத்தில் நீராடச் செய்து, ரிஷிகேசத்தில் ஓர் இரவு தங்கவைத்து, செம்பில் கங்கை நீரோடு அழைத்து வருவது நம்மவர்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. நானும் அவ்வாறு எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். ஆயினும், ஆற்றின் கீழ்க்கரையில், காடு தொடங்கும் இடத்தில், ஒரு மேட்டின் மீதுள்ள பாழடைந்த ஆசிரமத்தை மட்டும் பார்த்ததில்லை. சென்ற மாசி மாதத்தில்தான் அங்கே போகும் வாய்ப்புக் கிட்டியது.

அது கோயில் அன்று, தீர்த்தமும் அன்று. 1968-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த நான்கு பாட்டுக்காரர்கள் சில வாரங்கள் தங்கிய இடம். பீட்டில்ஸ் என்ற பெயரை இன்றைய பிள்ளைகளும் அறிவார்கள். தாத்தாக்களாகிவிட்ட அந்தக் காலத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆங்கிலப் பாட்டா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அப்படி முகம் சுளித்த ஒரு வீட்டிலேதான் நானும் வளர்ந்தேன். அந்த வீட்டின் கதையும் இந்த யாத்திரையோடு பின்னிக் கிடக்கிறது.

இந்த முறை என்னைப் போகச் சொன்னவர் என் அண்ணா. அவர் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். முழங்கால் வலியால் நெடும்பயணம் செய்ய இயலாதவர். "நீ பக்கத்தில்தானே இருக்கிறாய்? எனக்காக ஒரு முறை அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, எப்படி இருக்கிறது என்று சொல்" என்று தொலைபேசியில் கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். ஆகவே மறுவாரமே புறப்பட்டுவிட்டேன்.

தில்லியில் காலை வண்டி ஏறினால் நண்பகலுக்குள் ஹரித்துவாரம் வந்துவிடுகிறது. அங்கிருந்து ரிஷிகேசம் சுமார் 25 கிலோமீட்டர். சாலை முழுதும் கார்கள். கார்களின் தலையில் ரப்பர்ப் படகுகள். ஆற்றின் வேகத்தில் படகு விட்டு விளையாடுவதற்கென்றே இளைஞர் கூட்டம் வருகிறது. நகரத்தைக் கடந்து வடக்கே சென்றால் முனி-கி-ரேதி என்ற இடம். அங்கே சாலையோரத்திலேயே சிவானந்த ஆசிரமம் இருக்கிறது. நம்மவர்கள் அதன் முன்னே வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வது இயல்பு. திருநெல்வேலிச் சீமையில், பாய்க்குப் பெயர் போன பத்தமடையில் 1887-ஆம் ஆண்டு பிறந்து, மலேயாவில் மருத்துவராக இருந்து, 1924-ஆம் ஆண்டில் இங்கே வந்து துறவு பூண்டவர் சுவாமி சிவானந்தர். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவி, 1963-இல் இங்கேயே சமாதி அடைந்தார். ஆசிரமத்து வாசலில் இன்றும் தமிழ்ப் பேச்சு காதில் விழுகிறது.

என் தந்தையார் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் இங்கே வந்துவிடுவார். மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. கரோல்பாக்கில் இரண்டு அறைகளில் குடித்தனம். ஆண்டு முழுதும் விடுப்பே எடுக்காதவர், பாட்டியின் திதியை ஒட்டி மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, தனியாக பஸ்ஸில் வந்து, ஆசிரமத்தின் கீழே உள்ள படித்துறையில் நீராடி, தர்ப்பணம் செய்துவிட்டு, அந்தி வரை படியிலேயே உட்கார்ந்திருப்பார். பாட்டி 1956-இல் கும்பகோணத்திற்கு அருகே எங்கள் கிராமத்தில் காலமானாள். தந்தி தில்லிக்கு வந்தது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு கழித்துச் சென்னை. பிறகு இன்னோர் இரவு. அவர் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா கொள்ளி வைத்து நாள் பல ஆகிவிட்டன. மூத்த மகன் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமற்போன இந்தச் செய்தியை அப்பா தம் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இரயிலில் இரண்டு இரவு தொலைவில் தாயை விட்டுவிட்டுப் பிழைக்க வந்த தலைமுறை அது. அன்பர்களுள் பலர் வீட்டில் இத்தகைய தந்தி ஒன்று பெட்டியின் அடியில் கிடக்கக் கூடும்.

படித்துறையில் சிறிது நேரம் நின்றேன். மாசியில் கங்கை மெலிந்து, பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் ஓடுகிறது. எதிர்க்கரையில் சற்றுத் தெற்கே, மரங்கள் அடர்ந்த மேடு ஒன்று தெரிகிறது. நான் பார்க்க வந்த இடம் அதுதான்.

இன்று அக்கரைக்குப் போவதற்கு எந்தச் சிரமமும் இல்லை. 1986-இல் கட்டிய இராம ஜூலா என்ற தொங்கு பாலம் இருக்கிறது. 2020-இல் ஜானகி சேது என்ற மற்றொரு பாலமும் திறந்தார்கள். ஆனால் 1968-இல் இந்த இரண்டும் இல்லை. இரண்டு கிலோமீட்டர் வடக்கே போய் இலட்சுமண ஜூலாவின் மீது நடந்து வரவேண்டும். இல்லையேல் படகில் கடக்க வேண்டும். அந்தப் பழைய இலட்சுமண ஜூலா வலுவிழந்துவிட்டதால் 2019-இல் அதற்குத் தடை விதித்துவிட்டார்கள்.

பாலத்தைக் கடந்து, சுவர்க்காசிரமக் கடைத்தெருவையும் மாடுகளையும் சாதுக்களையும் தாண்டித் தெற்கே நடந்தேன். கடைகள் குறைந்தன, பேச்சொலி அடங்கிற்று. உலர்ந்து கிடந்த ஓர் ஓடையின் கூழாங்கற்களை மிதித்துக் கடந்ததும், மேட்டில் ஒரு வாயில். வனத்துறையினர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். ஆசிரமத்திற்கு வனத்துறை ஏன் காவல் என்று கேட்கலாம். நிலம் காட்டிலாகாவுடையது. மகேஷ் யோகி என்ற மகரிஷி அதைக் குத்தகைக்கு எடுத்துத்தான் இங்கே ஆசிரமம் அமைத்தார். குத்தகை 1981-இல் முடிந்தது. பின்னர் மெல்ல மெல்ல ஆட்கள் வெளியேறினர். காடு உள்ளே நுழைந்தது. 2015-இல் சுற்றியுள்ள இராஜாஜி வனம் புலிகள் காப்பகமாயிற்று; அவ்வாண்டின் இறுதியில் ஆசிரமத்தைப் பொது மக்கள் பார்ப்பதற்குத் திறந்துவிட்டார்கள்.

மகரிஷியைப் பற்றிச் சில சொற்கள். ஜோதிர்மடத்துச் சங்கராசாரியரான சுவாமி பிரம்மானந்த சரஸ்வதியின் சீடராக இருந்தவர். குருநாதர் 1953-இல் மறைந்த பின், தெற்கு நோக்கி யாத்திரை செய்தார். 1957-ஆம் ஆண்டின் முடிவில் அவர் தம் இயக்கத்தைத் தோற்றுவித்தது நம் சென்னையிலேதான் என்பது பலருக்குத் தெரியாது. அங்கிருந்து கடல் கடந்து உலகத்தைச் சுற்றி, ஆழ்நிலைத் தியானம் என்ற பெயரில் தம் முறையைப் பரப்பினார். 1967 ஆகஸ்டில் லண்டனில் அவர் சொற்பொழிவைக் கேட்க வந்தவர்களுள் பீட்டில்ஸ் குழுவினரும் இருந்தனர். அடுத்த சில நாட்களுக்குள், அவரோடு வேல்ஸ் நாட்டில் பாங்கர் என்னும் ஊரில் இருந்தபோது, தங்கள் குழுவை வளர்த்து நிருவகித்து வந்த பிரையன் எப்ஸ்டைன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அப்போது அவர்களுள் ஒருவருக்கும் முப்பது வயது நிரம்பவில்லை. செல்வமும் புகழும் தலைக்கு மேல் போய்விட்டன. வீட்டுப் பெரியவரைப் போல இருந்தவரோ போய்விட்டார். அவர்கள் இமயமலை அடிவாரத்திற்கு வந்ததை வேடிக்கை என்று மட்டும் எண்ணிவிடுவதற்கில்லை.

1968 பிப்ரவரி நடுவில் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் மனைவியரோடு முதலில் வந்தனர். சில நாட்களில் பால் மக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் வந்து சேர்ந்தனர். தியான ஆசிரியர்களாவதற்கான பயிற்சியில் சுமார் 60 பேர் இருந்தார்கள். ஹாலிவுட் நடிகை மியா ஃபாரோ, அவருடைய தங்கை புரூடன்ஸ், பீச் பாய்ஸ் குழுவின் மைக் லவ், ஸ்காட்லாந்துப் பாடகர் டோனவன் ஆகியோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். ரிங்கோவுக்கு இளமையிலேயே குடல் நோய் கண்டு வயிறு மென்மையாகிவிட்டது. நம் காரம் ஒத்துக்கொள்ளாது என்று அஞ்சி, பெட்டி நிறைய டப்பாவில் அடைத்த அவரைப் பயற்றைக் கொண்டுவந்தாராம்! ஊறுகாய் ஜாடியும் புளிக்காய்ச்சலும் இல்லாமல் இரயிலேறாத நாம் இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. அவர் பத்து நாட்கள் போலத் தங்கி, மார்ச் முதல் தேதியில் புறப்பட்டுப் போய்விட்டார். மக்கார்ட்னி அம்மாதத்தின் பிற்பகுதி வரையிலும், மற்ற இருவர் ஏப்ரல் 12 வரையிலும் இருந்தனர்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுபவை ஆற்றுக் கூழாங்கற்களை ஒட்டிக் கட்டிய வட்டக் குடில்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்கார்ந்து தியானம் செய்யும் அளவே. எண்பத்து நான்கு குடில்கள் என்ற பொருளில் சௌராசி குடியா என்று ஊரார் இதனை அழைக்கின்றனர். பாட்டுக்காரர்கள் தங்கியது இவற்றில் அன்று. இன்னும் உள்ளே தள்ளி, வரிசையாக அறைகள் அமைந்த நீண்ட கட்டடங்களில். இன்று அவற்றுக்குக் கதவில்லை, சன்னல் இல்லை. ஆலங்கன்று ஒன்று கூரையைப் பிளந்துகொண்டு நிற்கிறது. சொற்பொழிவு மண்டபத்தின் சுவர்களில் 2012 முதல் வெளிநாட்டு ஓவியர்கள் வந்து பீட்டில்ஸ் முகங்களையும் யோகியர் முகங்களையும் எழுதியிருக்கிறார்கள். ஓவியங்கள் என் மனத்தைக் கவரவில்லை. மேட்டின் விளிம்பில் நின்று பார்த்தால் கீழே கங்கை தெரிகிறது, அது போதும். நீண்ட வாலுடைய லங்கூர் குரங்குகள் சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்து, எங்களை வேடிக்கை பார்த்தன. அருகில் நின்ற கல்லூரிப் பையன்கள் இருவர் கைப்பேசியில் அந்தப் பாட்டுகளுள் ஒன்றைப் போட்டனர். நான் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மேட்டில் அவர்கள் ஏராளமான பாட்டுகளைக் கட்டினார்கள். அவ்வாண்டு நவம்பர் 22-இல் 30 பாட்டுகளோடு இரட்டை இசைத்தட்டு ஒன்று வெளியாயிற்று. அதில் பெரும்பகுதி இங்கே முளைத்ததே. இங்கே ஒரு விந்தையைச் சொல்லவேண்டும். இந்தியாவின் சாயல் மிகுந்த அவர்களுடைய பாட்டுகள், அவர்கள் இங்கே வருவதற்கு முன்பே பிறந்துவிட்டன. ஹாரிசன் 1966-இல் பம்பாய்க்கு வந்து பண்டித ரவிசங்கரிடம் சிதார் கற்றவர். "தி இன்னர் லைட்" என்ற அவருடைய பாட்டுக்கு வேண்டிய இசையை, ஹரிபிரசாத் சௌராசியா முதலிய நம் நாட்டுக் கலைஞர்களைக் கொண்டு, 1968 ஜனவரியில் பம்பாயில் பதிவு செய்துகொண்டார். குருவுக்கு வணக்கம் கூறும் சொற்கள் வரும் லெனனின் "அக்ராஸ் தி யுனிவர்ஸ்" என்ற பாட்டும், பிப்ரவரித் தொடக்கத்தில், அவர் இந்தியாவுக்கு விமானம் ஏறுமுன்னரே லண்டனில் பதிவாகத் தொடங்கிவிட்டது. கங்கைக் கரையில் உட்கார்ந்த பிறகு எழுதியவற்றிலோ சிதாரும் இல்லை, தபலாவும் இல்லை. இமயமலை இல்லை, கங்கையும் இல்லை. தூரத்தில் இருந்தபோது இந்தியாவைப் பாடினார்கள். இந்தியாவுக்கு வந்தபின் தம் வீட்டைப் பாடினார்கள்.

முதலில் இது எனக்கு ஏமாற்றமாகவே தோன்றிற்று. எண்ணிப் பார்த்தால் வேறெப்படி இருக்க முடியும்? நம் கதையும் அதுதானே! கிராமத்தில் இருந்தவரை காவிரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர், கரோல்பாக் மாடியில் உட்கார்ந்து அதன் படித்துறைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்.

அந்தப் பாட்டுகள் சிலவற்றைச் சொல்கிறேன். புரூடன்ஸ் என்ற பெண் தியானத்தில் அளவு கடந்து மூழ்கி, அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். அவளை வெளியே வா, வெயிலைப் பார் என்று அழைக்கும் கருத்தில் லெனன் கட்டியது "டியர் புரூடன்ஸ்". அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் சித்தியின் நினைவு வரும். கல்யாணமாகித் தில்லிக்கு வந்த புதிதில், இந்தி தெரியாத அச்சத்தால் ஆறு மாதம் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தாள் அவள். அம்மா தினமும் வாசலில் நின்று, "வாடி, காய்கறி வண்டி வந்திருக்கிறது" என்று கூப்பிடுவாள். பாட்டு அவ்வளவே. தத்துவம் ஒன்றும் இல்லை.

லெனனுக்கு இரவில் உறக்கம் வரவில்லை. மூன்று வாரம் இப்படியே கழிந்ததும், அந்த அலுப்பையே "ஐம் சோ டயர்ட்" என்று பாட்டாக்கினார். விடிந்ததும் தபால் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போவாராம். யோகோ ஓனோ என்னும் ஜப்பானியப் பெண்மணியிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. மனைவி அருகில் இருக்கும்போதே இப்படி ஓடியதை நான் மெச்சவில்லை. ஆனால் தபாலுக்குக் காத்திருக்கும் மனிதனின் நடையை, இன்லண்டு கடிதத்தின் காலத்தில் வளர்ந்த யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பயிற்சிக்கு வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் மகன், நடுவே காட்டுக்குப் போய்ப் புலியைச் சுட்டுவிட்டுத் திரும்பி வந்தான். லெனன் அவனைக் கேலி செய்து "பங்களோ பில்" என்று ஒரு பாட்டுக் கட்டினார்.  மகரிஷி ஒரு நாள் இயற்கையைப் பற்றிப் பேசியதைக் கேட்டு, மக்கார்ட்னி "மதர் நேச்சர்ஸ் சன்" எழுதினார். அதே பேச்சால் எழுந்த லெனனின் பாட்டு இசைத்தட்டில் இடம் பெறவில்லை. அதன் மெட்டு மட்டும் 1971-இல் "ஜெலஸ் கை" என்ற வேறு பாட்டுக்கு உடலாயிற்று. ஊருக்குள் திறந்த வெளியில் சினிமாக் காட்டியபோது, ஆசிரமத்தார் எல்லோரும் வரிசையாக இறங்கிப் போக, மக்கார்ட்னி கிடாரை மீட்டிக்கொண்டே "ஒப்லடி ஒப்லடா" பாடிக்கொண்டு நடந்தாராம். நம் கிராமத்து டூரிங் டாக்கீஸுக்குப் போன நடை நினைவுக்கு வருகிறது.

டோனவன் லெனனுக்கு ஒரு வித்தையைக் கற்றுக் கொடுத்தார். கிடாரில் கட்டை விரல் ஒரு நடையைப் பிடித்துக்கொண்டே போக, மற்ற விரல்கள் அதன் மேல் வேறொரு பின்னலைப் பின்னும். வீணை வாசிப்போர் சுண்டு விரலால் தாளத் தந்தியை மீட்டிக்கொண்டே மேலே இராகம் வாசிப்பதை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். இந்த விரல் நடையில் லெனன் அமைத்த மற்றொரு பாட்டுத்தான் "ஜூலியா". எங்கள் வீட்டின் கதை இந்தப் பாட்டில்தான் வந்து முட்டுகிறது.

1969-இல் அண்ணாவுக்கு இருபது வயது, எனக்குப் பதின்மூன்று. தொழிற்பயிற்சியில் சேர்ந்து முதற்சம்பளம் வாங்கிய அன்று, அண்ணா கனாட் பிளேஸில் அந்த இரட்டை இசைத்தட்டை வாங்கி வந்தார். வெள்ளை வெளேரென்ற அட்டை, படமே இல்லை. "இத்தனை பணம் கொடுத்து வாங்கினாயே, அட்டையில் ஒன்றும் அச்சிடவில்லையே!" என்று அம்மா அங்கலாய்த்தாள். நண்பர் வீட்டிலிருந்து கிராமபோன் பெட்டி இரவல் வந்தது. அப்பா அலுவலகத்திலிருந்து திரும்புமுன் கேட்டு முடித்துவிடுவது ஏற்பாடு. ஒரு நாள் அப்பா முன்னதாகவே வந்துவிட்டார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது "ஜூலியா". மற்றவற்றைப் போல முழக்கம் இல்லாத பாட்டு. ஒரே கிடார், ஒரே குரல். அப்பா செருப்பைக் கழற்றியவர் அப்படியே வாசலில் நின்றார். பாட்டு முடியும் வரை நின்றார். பிறகு அண்ணாவைக் கேட்காமல் என்னைக் கேட்டார்: "இந்தப் பையன் யாரை நினைத்துக்கொண்டு இப்படி உருகுகிறான்?"

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கும் மிடுக்கு எனக்கு. அப்பா அண்ணாவை விட்டு என்னைக் கேட்டாரே என்ற பெருமை வேறு. "ஒரு பெண்ணை நினைத்து, அப்பா. அவள் பெயர் ஜூலியா" என்றேன்.

அவர் முகத்தில் ஏதோ மூடிக்கொண்டது. "தங்கைகள் இருக்கும் வீட்டில் இது வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் பெட்டியும் போயிற்று. இசைத்தட்டும் ஒரு நண்பருக்குப் போயிற்று. அண்ணா ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஆண்டு ஜாம்ஷெட்பூரில் வேலை கிடைத்ததென்று புறப்பட்டார். தீபாவளிக்கு வருவார், பணம் அனுப்புவார், தங்கைகளின் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினார். ஆனால் அவருக்கும் அப்பாவுக்கும் இடையே இரயில் நேரத்தைத் தவிர வேறு பேச்சு நிகழ்ந்ததாக எனக்கு நினைவில்லை. ஓர் இசைத்தட்டினாலேயே இவ்வளவும் வந்தது என்று சொல்லமாட்டேன். பல நாள் சேர்ந்திருந்த நெருப்பு. பொறி என் வாயிலிருந்து விழுந்தது.

1980 டிசம்பர் 8-ஆம் தேதி நியூயார்க்கில் லெனனைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சில நாட்கள் பத்திரிகைகள் எல்லாம் அவரைப் பற்றியே எழுதின. அவற்றில் ஒன்றைப் படித்துத்தான் ஜூலியா யார் என்று தெரிந்துகொண்டேன். அவள் அவருடைய தாய். சிறு வயதிலேயே பிள்ளையைத் தன் தமக்கையிடம் வளர விட்டவள். பிள்ளை வளர்ந்து மறுபடி தாயோடு நெருங்கிப் பழகத் தொடங்கிய காலத்தில், 1958 ஜூலை 15-ஆம் தேதி, லிவர்ப்பூலில் தமக்கையின் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் கார் மோதி இறந்துபோனாள். அவருக்கு அப்போது 17 வயது. பத்து ஆண்டுகள் வரை அவளைப் பெயர் சொல்லிப் பாடாத பிள்ளை, யாரும் எந்த வேலையும் சொல்லாத இந்த மேட்டில் வந்து உட்கார்ந்த பின்புதான் பாடினான். அவ்வாண்டு அக்டோபரில் லண்டனில் பதிவு செய்தபோது, மற்ற மூவரையும் சேர்க்காமல் தனியாகவே பாடி வாசித்தார். நான் அப்பாவிடம் சொன்னது முழுப் பொய்யும் அன்று. யோகோ என்ற பெயரின் பொருளும் அப்பாட்டில் மறைவாக வருகிறது. தாயின் நினைவும் காதலியின் நினைவும் அதில் கலந்தே இருக்கின்றன. ஆயினும் அப்பா வாசலில் நின்று கேட்டது எதை என்பதில் எனக்கு ஐயமில்லை. மொழி புரியாமலே அவர் சரியாகக் கேட்டார். மொழி புரிந்த நான்தான் தவறாகச் சொன்னேன்.

1980-இல் அப்பா ஓய்வு பெற்று எங்களோடுதான் இருந்தார். 1987-இல் காலமானார். இடையே ஏழு ஆண்டுகள்! அத்தனை நாட்களில் ஒரு மாலை, காப்பி குடிக்கும் வேளையில், "அப்பா, அன்றைக்கு அந்தப் பையன் அழுதது அவன் அம்மாவை நினைத்து" என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய கதையைக் கிளறுவானேன் என்று இருந்துவிட்டேன். அண்ணாவிடமும் சொல்லவில்லை. அவருக்கு அது முன்பே தெரியும் என்று பின்னால் அறிந்தேன். 1969-லேயே தெரியுமோ என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மகரிஷிக்கும் பாட்டுக்காரர்களுக்கும் இடையே கடைசியில் பிணக்கு ஏற்பட்டது. ஆசிரமத்தில் ஏதோ வதந்தி கிளம்பிற்று; அது மெய்ப்பிக்கப்படவில்லை. லெனன் கோபத்தோடு புறப்பட்டு, குருவைப் பழித்து ஒரு பாட்டுக் கட்டினார். ஹாரிசன் வற்புறுத்தியதால் குருவின் பெயரை எடுத்துவிட்டு ஒரு பெண்ணின் பெயரை இட்டார். குடும்பங்களுக்குப் போகும் இப்பத்திரிகையில் அதன் தலைப்பை எழுத என் பேனா கூசுகிறது. ஹாரிசன் பின்னாளில் மகரிஷியின் ஆதரவாளர்களுக்காக 1992-இல் லண்டனில் கச்சேரி செய்தார். தியானக் கல்விக்கு நிதி திரட்ட 2009-இல் நியூயார்க்கில் மக்கார்ட்னியும் ரிங்கோவும் மேடை ஏறினர். அதற்கு முந்தின ஆண்டே மகரிஷி ஹாலந்தில் மறைந்துவிட்டார். ஹாரிசன் 2001-இலேயே போய்விட்டார். சண்டை போட்டவர்களுள் சிலருக்குச் சமாதானம் செய்துகொள்ள நாள் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை.

வெயில் சாய்ந்தது. காவலர் சீழ்க்கை அடித்து எல்லோரையும் வெளியேறச் சொன்னார்; யானைகள் வரும் நேரம் என்றார். ஜானகி சேதுவின் நடுவில் நின்று அண்ணாவைத் தொலைபேசியில் அழைத்தேன். குடில்கள், கூரையில் ஆலங்கன்று, குரங்குகள், எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, புறப்படுமுன் பழைய பெட்டியில் தேடி எடுத்த அப்பாவின் கணக்கு நோட்டைப் பற்றியும் சொன்னேன். அப்பா காலணா கணக்கையும் எழுதி வைப்பவர் அல்லவா? 2-3-68 என்று தேதியிட்டு, ரிஷிகேசச் செலவு என்ற தலைப்பின் கீழ், பஸ் சார்ஜ், தர்ப்பணத் தட்சிணை, ரொட்டி, பால் என்று வரிசையாக எழுதியிருக்கிறார். கடைசி வரியில், படகுக் கூலி 20 பைசா.

ரிங்கோ புறப்பட்டுப் போனதற்கு மறுநாள் அது. லெனன் மேட்டின் மேல் இருந்தார். ஆண்டுதோறும் மேல்கரைப் படியை விட்டு நகராத அப்பா, அந்த ஆண்டு மட்டும் படகேறி எதிர்க்கரைக்குப் போயிருக்கிறார்.

அண்ணா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கீழே ஆற்றின் இரைச்சல் அவருக்கும் கேட்டிருக்கும். பிறகு, "அந்த நோட்டை எனக்கு அனுப்புகிறாயா?" என்றார்.

தில்லி திரும்பிய மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.